வேலைக்குச் சட்டம் உண்டு, படிப்புக்கு?

கருவுற்ற பெண்ணுக்கு வேலையும் படிப்பும் சேர்ந்து வருவதே கடினம். கணவர் இறந்தோ பிரிந்தோ போய், மூத்த பிள்ளையையும் தனியாக வளர்ப்பவர் என்றால், உடல் அசதியைவிட நேரம்தான் அவரை அதிகம் நெருக்கும். பரிசோதனைக்குப் போகும் நாளில் சம்பளம் பிடிக்கப்படும்; பிரசவம் நெருங்கும் மாதத்தில் செமஸ்டர் தேர்வு வரும். பகிர்ந்துகொள்ள வீட்டில் இன்னொருவர் இல்லை.

வேலையைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு பிரசவங்களுக்கான சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். மணமானவரா என்று சட்டம் கேட்பதில்லை. விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்குவதும் குற்றம். விடுப்பை எழுத்தில் கேட்டு, நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டு வேலை, சிறு கடை வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டாதது பெரிய குறை.

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி என்ற பதிவு எண்ணைப் பெறுவதுதான் கர்ப்பிணி செய்ய வேண்டிய முதல் வேலை. ஏழைப் பெண்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவைப்படும். மணமாகாத தாயோ தனித்து வாழும் தாயோ பிறப்புச் சான்றிதழ் கேட்டால், அவருடைய உறுதிமொழிப் பத்திரமே போதும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தகப்பன் பெயர் கேட்டு யாரும் அவரை அலைக்கழிக்கக் கூடாது.

இவற்றோடு உடல்நலத்தையும் கவனிக்க வேண்டும். வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் டீயோடு இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினால் சத்து உடலில் சரியாகச் சேராது. ரத்தப்போக்கு, கடும் தலைவலியோடு கண் மங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுக்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வலி நள்ளிரவில் வந்தால் மூத்த பிள்ளை யாரிடம் இருக்கும்? இதை ஏழாம் மாதத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும். அக்கம்பக்கத்தில் இருவரிடமாவது சொல்லி, அந்தப் பிள்ளையையும் அவர்களோடு பழக்கிவைப்பது அவசியம்.

படிப்புதான் பலவீனமான இடம். 26 வாரம் என்பது ஏறக்குறைய ஒரு செமஸ்டர். முனைவர் பட்ட மாணவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி 240 நாள் விடுப்பு உண்டு. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு விதிகளை வகுக்குமாறு 2021-இல் அக்குழு பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது; அதன்பின்னும் பல இடங்களில் வருகைப்பதிவில் சலுகை கிடைப்பது துறைத்தலைவரின் மனத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. 2023-இல் எம்.எட். மாணவி ஒருவர் மகப்பேறு விடுப்புக்காக டெல்லி உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. விடுப்பை மறுத்த உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது.

வயிற்றில் பிள்ளையோடு வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்? ஒவ்வொரு கல்லூரியும் இந்த விடுப்பை விதியாகவே எழுதி, சேர்க்கை நாளன்றே மாணவிகள் கையில் கொடுத்துவிட வேண்டும்.