வீட்டில் பழைய 1 அணா தபால் தலை இருக்கா? சிலையோட கையைப் பாருங்க!

சேலம், நாமக்கல் பக்கம் பரண் மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டிகளில் தாத்தா காலத்துக் கடிதங்கள் இருக்கலாம். அதில் போதிசத்துவர் சிலை போட்ட 1 அணா தபால் தலை இருந்தால், எந்தக் கை நீண்டிருக்குன்னு பாருங்க.

1949 ஆகஸ்ட் 15-ல் வெளியானதில், கண்ணாடியில் தெரிவதுபோல சிலை இடம் வலமாக மாறி அச்சாகிவிட்டது. அதில் நீண்டிருப்பது சிலையின் இடது கை. 1950 ஜூலையில் திருத்தி வெளியிட்டதில் வலது கை.

'தப்பா அச்சானது, லட்சக்கணக்கில் போகும்' என்று யாராவது சொன்னால் ஏமாறாதீங்க. ஏதோ ஒரு தாளில் மட்டும் நேர்ந்த பிழை இல்லை இது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் தபால் நிலையங்களில் விற்றது.

இன்னொன்று: உறையிலிருந்து தபால் தலையைப் பிய்க்காதீங்க. முத்திரையில் உள்ள ஊரும் தேதியும் சேர்ந்துதான் அதற்கு மதிப்பு.