மடக்குத் தொங்குபடுக்கைச் சட்டகம்: கயிற்றின் கோணமும் கீலின் திசையும்

வெளியிடத் தொங்குபடுக்கையைத் தாங்கும் மடக்கு இரும்புச் சட்டகத்தில் குழாயின் தடிப்புக்கு முன்னதாகக் கயிற்றின் கோணத்தைக் கருதவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 100 கிலோ எடையுள்ளவர் நடுவே படுத்திருக்கையில், கயிறு கிடைமட்டத்துடன் 30 பாகை சாய்ந்திருப்பின் ஒவ்வொரு முனையிலும் இழுவிசை 100 கிலோ எடைக்குச் சமம். 10 பாகையாயின் ஏறத்தாழ 288 கிலோ. விறைப்பாகக் கட்டுவதே உறுதி என்னும் எண்ணம், ஆகவே, பொருந்தாது.

இவ்விழுவிசையின் கிடைக்கூறு நிமிர்ந்த கம்பங்களை உள்நோக்கி வளைக்கிறது. அவ்வளைவுத் திருப்பம் உச்சமடைவது கம்பத்தின் அடியில். மடக்குக் கீலும் பெரும்பாலும் அங்கேயே அமைகிறது. கீல் உள்நோக்கி மடிவதாயின், பூட்டூசி நழுவும் கணத்தில் கம்பம் படுத்திருப்பவர்மீதே சாயும். ஆதலின் கீல் வெளிநோக்கி மடியவும், உட்புறத்தில் தடுப்புத்தகடு நிற்கவும் அமைத்தலே தக்கது; அப்போது சுமையே கம்பத்தைத் தகட்டோடு அழுத்தி நிறுத்தும். மடித்தபின் சட்டகத்தின் நீளம் கூடுவது இதன் குறை. தகட்டைக் கீலிலிருந்து இருமடங்கு தொலைவில் பொருத்தினால் அதன்மீது விழும் விசை பாதியாகும்.