வாஷரை மாத்தினா பல்லு உடையும்!

புதுப்பேட்டையில பைக் பார்ட்ஸ் தேடி அலைஞ்சவங்களுக்கும், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி பிசி அசெம்பிள் பண்ணவங்களுக்கும் ஒரு விஷயம் நல்லாத் தெரியும். ஒரு மெஷினோட ஆயுள் அது எவ்வளவு கெட்டி என்பதில் மட்டும் இல்லை. ஒரு பார்ட் போனால் வேறு இடத்தில் கிடைக்குமா, கிடைத்தால் பொருந்துமா என்பதிலும் இருக்கிறது. இந்த இதழில் அதையே நம்ம சிலபஸ் பக்கம் வராத ஒரு மெஷினில் பார்க்கலாம்: கடலில் மீன் பிடிக்கும் பழைய தூண்டில் ரீல்.

"நான் மெக்கானிக்கல் இல்லையே"ன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. கிளட்ச், கியர், கரோஷன் மூணும் கையில் அடங்கும் ஒரு பொருளுக்குள்ளேயே இருக்கு.

ரீல் என்னதான் செய்யுது?

படூரிலிருந்து கேளம்பாக்கம் போய் கிழக்கே திரும்பினால் கோவளம். கைத்தூண்டில் போடும் மீனவருக்கு ரீலே வேண்டாம். பாறையோ வஞ்சிரமோ இழுத்து ஓடும்போது நரம்பை விரல் நடுவே வழுக்க விடுவார். மீன் சோர்ந்ததும் இழுப்பார். எவ்வளவு விடணும், எப்போ பிடிக்கணும் என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

அந்த விரல் வேலையை மெஷினாக மாற்றினால் அதுதான் ரீல். நரம்பு சுற்றியிருக்கும் உருளை ஸ்பூல். கைப்பிடியைச் சுற்றினால் பெரிய மெயின் கியர் சின்ன பினியனைச் சுற்றும், பினியன் ஸ்பூலைச் சுற்றும். மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுந்து போகாமல் வழுக்கிக் கொடுக்கும் பகுதிக்கு டிராக் என்று பெயர்.

நம்பரே அட்ரஸ்

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஓட்டோ ஹென்ஸே 1932-ல் ஃபிலடெல்ஃபியாவில் பென் கம்பெனியை ஆரம்பித்தார். 1936-ல் பெரிய கடல் மீன்களுக்காக 'செனட்டர்' ரீல் வந்தது. பிறகு ஸ்க்விடர், ஜிக்மாஸ்டர் என்று வரிசையாக வந்தன. இந்த டிசைன்களை வருஷா வருஷம் தலைகீழாக மாற்றாமல் பல பத்தாண்டுகள் கிட்டத்தட்ட அப்படியே தயாரித்தார்கள். அதனால் ஒரு பழைய செனட்டருக்குப் பல வருஷம் கழித்து வந்த கியர் பொருந்த நிறைய வாய்ப்பு உண்டு.

பார்ட் நம்பர் போட்ட விதமும் அழகு. முதல் எண் அது என்ன பார்ட் என்று சொல்லும், அடுத்த எண் எந்த மாடல் என்று சொல்லும். 5 என்றால் மெயின் கியர், 6 என்றால் டிராக் வாஷர், 13 என்றால் பினியன், 15 கைப்பிடி, 29 ஸ்பூல். 13-113 என்று பார்த்தாலே அது 113 மாடலின் பினியன் என்று புரிந்துவிடும்.

அளவு மாறாமல் இருந்ததால் வெளியாட்களும் பார்ட்ஸ் செய்ய முடிந்தது. கலிபோர்னியாவில் கார்ல் நியூவெல் பென் ரீல்களுக்கு அலுமினிய ஸ்பூல், குறுக்குக் கம்பி எல்லாம் செய்து விற்றார். பின்னால் சொந்தமாகவே ரீல் தயாரித்தார். டிபுரான் என்ற கம்பெனி ஒரே துண்டாகக் கடைந்த அலுமினிய ஃபிரேம் செய்தது. மதர்போர்டின் ஸ்க்ரூ ஓட்டைகள் எங்கே இருக்க வேண்டும் என்று 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் மூலம் சொன்ன பிறகு யார் வேண்டுமானாலும் கேபினெட் செய்ய முடிந்ததே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே யாரும் ஸ்டாண்டர்ட் என்று அறிவிக்கவில்லை. டிசைன் மாறாமல் இருந்ததே ஸ்டாண்டர்ட் ஆகிவிட்டது.

ஸ்பூல்: எடைக் கணக்கு

பழைய ரீல்களில் பிளாஸ்டிக் ஸ்பூலும் உண்டு, குரோம் பூசிய பித்தளை ஸ்பூலும் உண்டு. நைலான் நரம்பு இழுபடும்போது நீளும். மீனோடு போராடி அப்படியே இறுக்கமாகச் சுற்றினால், சுருங்கப் பார்த்து ஸ்பூலை நெரிக்கும். பிளாஸ்டிக் அதில் வெடித்துவிடும். பித்தளை தாங்கும், ஆனால் கனம். வீசும்போது கனமான ஸ்பூல் வேகம் எடுக்க நேரமாகும். எடுத்த பிறகு சட்டென்று நிற்காது. தூண்டில் தண்ணீரில் விழுந்த பின்னும் ஸ்பூல் சுற்றி, நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5, அலுமினியம் 2.7. அதே வடிவத்தில் செய்தால் இனர்ஷியாவும் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். அலுமினிய ஸ்பூலுக்கு மவுசு வந்தது இதனால்தான்.

டிராக்: பைக் கிளட்ச் மாதிரிதான்

மெயின் கியருக்குள்ளே உராய்வு வாஷரும் உலோக வாஷரும் மாறி மாறி அடுக்கியிருக்கும். மேலே நட்சத்திர வடிவத் திருகை இறுக்கினால் அடுக்கு நெருக்கப்படும். பைக்கில் இருக்கும் மல்டி-பிளேட் கிளட்சும் இதே வேலைதான் செய்கிறது. உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, சராசரி ஆரம் நான்கையும் பெருக்கினால் டிராக்கின் டார்க் வந்துவிடும்.

பழைய தோல் அல்லது ஃபைபர் வாஷரில் ஒரு தொல்லை: நிலை உராய்வு அதிகம், வழுக்க ஆரம்பித்ததும் உராய்வு சட்டென்று குறையும். அதனால் நரம்பு விட்டு விட்டு, குலுங்கிக் குலுங்கிப் போகும். அந்த முதல் குலுக்கலில்தான் நரம்பு அறும். கார்பன் ஃபைபர் வாஷரில் இந்த வித்தியாசம் குறைவு, சூட்டையும் தாங்கும். பென் கம்பெனியே எச்டி-100 என்ற பெயரில் கார்பன் வாஷர் கொண்டுவந்தது. மாற்றுவதும் சுலபம்.

ஆனால் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. 15 கிலோ நரம்பு என்றால் வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 கிலோவில் டிராக் வைப்பார்கள். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடி, ஸ்பூலில் சுற்றின் விட்டம் பாதியானால்? டார்க் அதேதான், ஆரம் பாதி. நரம்பின் இழுவிசை 10 கிலோ ஆகிவிடும். தண்ணீரின் இழுப்பு இன்னும் தனி. "நிக்க மாட்டேங்குதே"ன்னு அந்த நேரத்தில் திருகை இறுக்கினால் மீன் போயிடும்.

ஒண்ணை மாத்தினா அடுத்தது உடையும்

இனிதான் முக்கியமான இடம். வாஷரை மாற்றி டிராக் பலத்தைக் கூட்டிவிட்டீர்கள். இப்போது வழுக்க வேண்டியது வழுக்காததால், சுமை முழுக்க கியர் பல்லுக்குப் போகும். பித்தளைப் பல் மழுங்கும், இல்லை உடையும். சரி, ஸ்டெயின்லெஸ் கியர் போடுகிறீர்கள். பினியன் மட்டும் இன்னும் பித்தளை என்றால் அது தேயும். பினியனையும் மாற்றினால், தனித்தனிக் கம்பிகளால் இணைத்த பழைய ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்க பேரிங்கும் நேர்கோட்டில் இல்லாமல் ஸ்பூல் இறுகும். ஃபிரேமையும் மாற்றினால், கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஆன்டி-ரிவர்ஸ் டாக் என்ற குட்டித் துண்டு மேல் மொத்த சுமையும் வந்து நிற்கும். அது விட்டுக்கொடுத்தால் கைப்பிடி பின்னால் சுழன்று விரல் முட்டியைப் பதம் பார்க்கும்.

அதாவது பலவீனமான இடம் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. 50 ரூபாய் வாஷரில் இருந்த பலவீனத்தை உங்கள் விரலுக்கு மாற்றுவது நல்ல மாடிஃபிகேஷன் இல்லை!

வேகத்துக்காக கியர் விகிதத்தை மாற்றும்போதும் இப்படித்தான். இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. அதனால் மாட்யூல் மாறாத வரை மொத்தப் பற்களின் எண்ணிக்கை மாறக் கூடாது. உதாரணத்துக்கு மொத்தம் 60 பல் என்று வைத்துக்கொள்வோம். 48-க்கு 12 என்றால் விகிதம் 4:1. 50-க்கு 10 என்றால் 5:1. வேகம் கிடைத்தது, ஆனால் 10 பல் பினியனின் அடி மெலியும், கைப்பிடியும் கனக்கும்.

உப்பு சும்மா விடாது

நம்ம ஊர் கடற்காற்றுக்கு இன்னொரு எச்சரிக்கை. அலுமினிய ஃபிரேமில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு கடல்நீர் பட்டால், அது ஒரு பேட்டரி. தேய்வது அலுமினியம். ஸ்க்ரூ மரையில் மரைன் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பிரஷரில் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். பழைய பார்ட்ஸைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் போட்டு நம்பர் எழுதி வையுங்கள்.

நமக்கு இதில் என்ன?

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ முடிந்ததும் பெரும்பாலான மாடல்கள் ஸ்டோர் ரூமில் தூசி பிடிக்கின்றன. ஒரு பிராக்கெட் உடைந்தால் போதும், அதன் அளவு யாரிடமும் இருக்காது. 2022 டிசம்பர் 24-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காகத் தனி இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் பார்ட்ஸும் மேனுவலும் தர வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்பது சரிதான், நாம் செய்வதிலும் அது இருக்கணும் இல்லையா?

பேரிங் வேண்டுமா, எங்கும் கிடைக்கும் 608 போட முடியுமா பாருங்கள்: உள்ளே 8, வெளியே 22, தடிமன் 7 மில்லிமீட்டர். ஸ்க்ரூ வகைகளைக் குறையுங்கள். ஒவ்வொரு பார்ட்டுக்கும் நம்பர் போட்டு, டிராயிங்கை ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுங்கள். ஓவர்லோடு வந்தால் எது முதலில் உடைய வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு பண்ணுங்கள். அது விலை குறைந்ததாக, சுலபமாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அடுத்த வருஷம் அந்த மாடலை எடுக்கப்போகும் ஜூனியருக்கு உங்க ஃபோன் நம்பரே தேவைப்படாது.