வால்டர் பேட்டன் ஓடிய தூரம்

பதிமூன்று ஆண்டுக் காலம் சிக்காகோ பேர்ஸ் அணிக்கு ஆடி, அதுவரை எவரும் எட்டாத சாதனையை நிலைநாட்டிய வால்டர் பேட்டன், பந்தைச் சுமந்துகொண்டு ஓடிக் கடந்த மொத்தத் தூரம் 16,726 கஜம். அதாவது, பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காலையில் உலாவப் போகிறவர் சில நாட்களில் நடந்துவிடக்கூடிய இத்தூரத்துக்கு ஒரு மகா வீரரின் யௌவனம் முழுவதும் செலவாயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால்தான், அமெரிக்கக் கால்பந்தில் ‘ரன்னிங் பேக்’ என்னும் ஸ்தானத்தின் கடுமை விளங்கும்.

அந்த ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமாவது முன்னேறியாக வேண்டும்; தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். குவார்ட்டர்பேக் என்னும் சூத்திரதாரி பந்தைக் கையில் திணித்த மாத்திரத்தில், தம் அணியினர் முட்டித் தள்ளி உண்டாக்கிய சிறு இடைவெளி மூடிக்கொள்வதற்குள் அதில் புகுந்து ஓடுவதே ரன்னிங் பேக்கின் தொழில். பேட்டன் அவ்வாறு 3,838 முறை ஓடினார். சராசரியாக ஒரு முறைக்கு நான்கு மீட்டர். அதன் முடிவில் பெரும்பாலும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட தேகங்கள் அவர்மேல் வந்து விழும். முழங்காலும் தோளும் இதை நெடுநாள் தாங்குவதில்லை. ஆகையால், இத்தொழிலுக்கு வருகிறவர்களில் பலர் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே விலகிவிடுகிறார்கள். முப்பது வயதானவர் இங்கே முதியவர்.

மிஸிஸிப்பி மாகாணத்தின் கொலம்பியா என்ற சிற்றூரில் பிறந்த பேட்டன், அண்ணன் எட்டி பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்த வரையில் வாத்தியக் குழுவில் மத்தளம் வாசித்துக்கொண்டிருந்தவர். கறுப்பர் பள்ளியும் வெள்ளையர் பள்ளியும் 1970-ல் ஒன்றாக்கப்பட்டபோது, அந்தப் புதிய அணியில் ஆடிப் பெயர் பெற்றார். ஜாக்ஸன் ஸ்டேட் கல்லூரியிலிருந்து 1975-ல் சிக்காகோ சென்ற அவர், தம் முதல் ஆட்டத்தில் எட்டு முறை ஓடியும் ஒரு கஜம்கூட முன்னேறவில்லை.

அவருடைய பெருமைக்கு வேகத்தைவிடப் பிடிவாதமே காரணம் என்பது என் அபிப்பிராயம். எல்லைக்கோட்டருகே எதிரிகள் நெருக்கும்போது, கோட்டுக்கு வெளியே கால் வைத்து அடியிலிருந்து தப்புவது விதிக்கு உட்பட்டதுதான். பலரும் அப்படியே செய்வார்கள். பேட்டனோ பந்தை ஒரு கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, மறுகையை விறைப்பாக நீட்டி, மடக்க வருகிறவன்மீது தாமே முந்திக்கொண்டு மோதுவார். எளிதில் வீழாதே என்பது கல்லூரிப் பயிற்சியாளர் பாப் ஹில் அவருக்குப் புகட்டிய பாடம். விடுமுறைக் காலங்களில் செங்குத்தான மேடுகளில் திரும்பத் திரும்ப ஓடியேறி அந்தச் சரீரத்தை அவர் உருவாக்கிக்கொண்டார். 191 ஆட்டங்களில் அவர் ஆடாதது ஒன்றே ஒன்று. 1977 நவம்பர் 20-ஆம் தேதி, ஜுரத்தோடு களம் இறங்கி, மின்னசோட்டா அணிக்கு எதிராக 275 கஜம் ஓடினார். அதை விஞ்ச இன்னொருவருக்கு 2000-ஆம் ஆண்டு வரை இயலவில்லை.

1984-ல், ஓட்டத் தூரத்தில் அதுவரை முதலிடம் வகித்த ஜிம் பிரவுனின் 12,312 கஜத்தைக் கடந்தார். 1986 ஜனவரியில் பேர்ஸ் அணி, சாம்பியன் பட்டத்துக்கான சூப்பர் பௌல் பந்தயத்தில் 46-க்கு 10 என்று வென்றபோது, அத்தனை ஆண்டுகள் அணியைச் சுமந்த அவருக்கு, பந்தை எதிரணியின் இறுதிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்க்கும் ‘டச்டவுன்’ ஒன்றுகூட வாய்க்கவில்லை. அந்த வாய்ப்பை அளிக்காமற்போனதற்காகப் பயிற்சியாளர் மைக் டிட்கா பின்னர் வெளிப்படையாகவே வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது.

ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. ஈரல் நோய் பற்றிக்கொண்டது. மாற்று ஈரலுக்காகக் காத்திருக்கையில் புற்றுநோயும் சேர்ந்துகொள்ள, அந்தச் சிகிச்சைக்கும் வழியில்லாமற் போயிற்று. அந்நிலையிலும், பிறர் பிழைக்கும்பொருட்டு உறுப்பு தானம் செய்யுமாறு ஜனங்களை வேண்டிக்கொண்ட அவர், 1999 நவம்பர் முதல் தேதி காலமானார். அவருடைய ஓட்டச் சாதனையை 2002-ல் எம்மிட் ஸ்மித் முறியடித்துவிட்டார். ஆனால், களத்துக்கு வெளியே சமூகத் தொண்டில் சிறந்து விளங்கும் ஆட்டக்காரருக்குத் தேசியக் கால்பந்து லீக் ஆண்டுதோறும் வழங்கும் விருது, வால்டர் பேட்டன் பெயரால்தான் இன்றும் வழங்கப்படுகிறது.