குடற்புழு மருந்துக்கும் குறையாத ஈஸினோபில்

நம் கிராமங்களில் 'ஈஸ்னோபீலியா' என்னும் சொல்லைக் கேட்டறியாதார் சிலரே. இருமல், இளைப்பு, உடல் அரிப்பு ஆகியவற்றுக்காக ஆஸ்பத்திரிக்குச் சென்று இரத்தம் பரிசோதித்துக்கொண்டவர் பலருக்கு இச்சொல் சீட்டில் எழுதித் தரப்பட்டிருக்கும். பெரும்பாலும் இஃது அஞ்சத்தக்கதன்று. ஆயினும், மிக அரிதாக, இதே அடையாளத்துக்குப் பின்னால் ஓர் இரத்தப் புற்றுநோய் மறைந்து நிற்பதுண்டு. உரிய காலத்தில் கண்டறிந்தால் மாத்திரையாலேயே அதனை அடக்கிவிடலாம்; தவறவிட்டால் இருதயம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே இவ்விரண்டையும் மருத்துவர் எவ்வாறு பிரித்தறிகின்றனர் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

ஈஸினோபில் என்பது யாது?

இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களுள் ஒரு வகையே ஈஸினோபில். உடலினுள் புகும் புழுக்களை எதிர்ப்பது அதன் முக்கிய வேலை. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் 500க்கு உட்பட்டிருத்தல் இயல்பு. 1,500க்கு மேற்பட்டு நீடித்து நின்றால் காரணத்தைத் தேடியே தீரவேண்டும். ஏனெனில், அளவு மீறிய ஈஸினோபில்கள் தம்மிடமுள்ள நஞ்சை நம் உறுப்புகளின்மீதே கொட்டுகின்றன. இருதயத்தின் உட்சுவர் தடித்து இறுகும். அங்கே இரத்தம் உறைந்து கட்டியாகும். நுரையீரல், தோல், நரம்பு ஆகியனவும் பாதிக்கப்படும்.

முதற்படி: புழுக்களை விலக்குதல்

கொக்கிப்புழு, உருளைப்புழு, யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா ஆகியன ஈஸினோபிலைக் கூட்டும். ஆஸ்துமாவும், சில மருந்துகள் உடலுக்கு ஒவ்வாமற் போவதும் அவ்வாறே. முதலில் இவற்றையே மருத்துவர் தேடுவர்.

ஸ்டிராஞ்சிலாய்டிஸ் என்னும் சிறு புழு தனிக் கவனத்துக்குரியது. ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, பல்லாண்டுகள் அது உடலில் தங்கும். ஒரு மலப் பரிசோதனையில் அகப்படாமற் போவதும் உண்டு. ஒரு வேளை ஆல்பெண்டசோல் மாத்திரைக்கு அது எளிதில் அடங்காது. வேறு மருந்து வேண்டும். இப்புழு உள்ளவர், கடையில் தாமாக வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையை உட்கொண்டால், புழு உடலெங்கும் பெருகிப் பரவி உயிரைப் போக்கவும் கூடும். மேலும் ஸ்டீராய்டு, ஈஸினோபில் எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்து உண்மை நோயை மறைத்துவிடும்.

இரண்டாம்படி: மரபணுவைப் பார்த்தல்

மேற்கூறிய காரணங்கள் யாவும் விலக்கப்பட்ட பின்பும் எண்ணிக்கை குறையவில்லையா? மண்ணீரல் வீங்கியுள்ளதா? இரத்தத்தில் பி12 வைட்டமின் காரணமின்றி மிகுந்துள்ளதா? அப்பொழுது நோயாளி இரத்தவியல் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

நம் உயிரணுவிலுள்ள 46 குரோமோசோம்களைக் கிராமப் புலப்படங்களாகக் கொள்வோம்; ஒவ்வொரு மரபணுவும் ஒரு சர்வே நம்பர். இந்நோயில், 4ஆம் குரோமோசோமில் இரண்டு நம்பர்களுக்கு இடையே கிடந்த துண்டு அழிந்து, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்றான பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. என்னும் மரபணு, வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் மதகு போன்றது. ஒட்டுப்பட்டபின் மதகு மூடுவதேயில்லை. அணுக்கள் ஓயாது பெருகுகின்றன.

ஏறக்குறைய 19 கோடி எழுத்துகளாலான அக்குரோமோசோமில் அழிந்தது சுமார் 8 லட்சம் எழுத்துகளே. சாதாரணக் குரோமோசோம் சோதனையில் இது புலப்படாது. எனவே அச்சோதனையில் குறை ஏதும் தெரியவில்லை என்பதனால் தேடலை நிறுத்திவிடுதல் கூடாது. 'ஃபிஷ்' என்னும் சோதனையில், அழிந்த துண்டு இருக்கவேண்டிய இடத்தில் படியும் ஒளிரும் சாயத்தை இடுகின்றனர். நலமான அணுவில் இரண்டு புள்ளிகள் ஒளிரும்; நோயுற்ற அணுவில் ஒன்றைக் காணோம். எல்லைக்கல் காணாமற்போனதைக் கொண்டு நிலம் பறிபோனதை அறிவது போன்றதே இது.

பெயர் தெரிந்தால் மருந்து தெரியும்

இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001ஆம் ஆண்டில் வேறொரு வகை இரத்தப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈஸினோபில் மிகுந்த சிலருக்கும் அதனைக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் விரைவில் தேறினர். ஏன் தேறினர் என்று ஆராய்ந்ததன் பயனாக, 2003ஆம் ஆண்டில் மேற்சொன்ன மரபணு ஒட்டு கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து முன்னும் காரணம் பின்னுமாக வந்தது வியப்பன்றோ! முதலிற் சொன்ன புற்றுநோய்க்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். இந்நோய்க்குப் பெரும்பாலும் 100 மில்லிகிராமே போதுகிறது. இம்மாத்திரையை நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன.

இதனைப் போன்ற வேறு ஒட்டுகளும் உள. 5ஆம் குரோமோசோமிலுள்ள பி.டி.ஜி.எஃப்.ஆர்.பி. மரபணு ஒட்டுப்பட்டாலும் இமாட்டினிப் பயன்தரும். 8ஆம் குரோமோசோமிலுள்ள எஃப்.ஜி.எஃப்.ஆர்.1 மரபணு ஒட்டுப்பட்டாலோ, நோய் கடுமையானது, இமாட்டினிப் உதவாது. அதற்கு வேறு மருந்தும், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் நோய்களுக்கு மருந்து வெவ்வேறாதலின், மரபணுவின் பெயரை அறியாது சிகிச்சை தொடங்குதல் விதையின் பெயரறியாது விதைப்பதை ஒக்கும்.

நாம் செய்யவேண்டுவன

கழிப்பறையைப் பயன்படுத்துதலும், வயலுக்குச் செல்கையில் காலணி அணிதலும் புழுவைத் தடுக்கும். அதனால் வீண் ஐயங்களும் குறையும். ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் தேதி வாரியாகப் பாதுகாத்தல் வேண்டும். எண்ணிக்கை எத்தனை மாதமாக ஏறி நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சிகிச்சைக்குப்பின் மறுபடியும் இரத்தம் பரிசோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இந்நோய் தொற்றுவதன்று, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதுமன்று, வாழ்நாளில் இடையே ஓர் அணுவில் நேர்ந்த பிசகே இது. ஆதலால் நோயுற்ற குடும்பத்தை ஒதுக்குவதற்குக் காரணம் ஏதுமில்லை. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்வுண்மையைக் கிராமசபையில் எடுத்துரைத்து, 'புழு மருந்து கொடுத்தும் குறையவில்லை' என்று கூறுவோரை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் மீண்டும் அனுப்பிவைப்பார்களாயின், இருதயம் கெடுமுன்னரே ஓர் உயிரைக் காத்தவராவர்.