காரில் 'கூலன்ட்' எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? உடனே செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை!

புதுடெல்லி: கோடை விடுமுறை தொடங்கியதும் டெல்லி, சண்டிகர் போன்ற நகரங்களிலிருந்து சிம்லா, மணாலி என மலைப்பகுதிகளை நோக்கிக் கார்கள் வரிசைகட்டுவது ஆண்டுதோறும் காணும் காட்சி. கடும் வெயில், நீண்ட ஏற்றம், ஊர்ந்து செல்லும் போக்குவரத்து ஆகிய மூன்றும் ஒன்று சேரும் இத்தகைய பயணங்களில்தான், காரின் டேஷ்போர்டில் கூலன்ட் எச்சரிக்கை விளக்கு எரிவது பலரையும் திகைக்க வைக்கிறது. அந்த நேரத்தில் ஓட்டுநர் எடுக்கும் முடிவைப் பொறுத்து, சிறிய செலவில் சரியாக வேண்டிய கோளாறு என்ஜினையே மாற்ற வேண்டிய நிலைக்குச் செல்லலாம். உடலில் தீக்காயமும் ஏற்படலாம்.

கூலன்ட் என்ன செய்கிறது?

எரிபொருள் எரிவதால் என்ஜினுக்குள் உருவாகும் வெப்பத்தை உறிஞ்சி, ரேடியேட்டருக்குக் கொண்டு சென்று, காற்றில் வெளியேற்றுவதே கூலன்டின் வேலை. எத்திலீன் கிளைகோல் என்ற வேதிப்பொருளும், தாது உப்புகள் நீக்கப்பட்ட நீரும், துருவைத் தடுக்கும் சேர்மங்களும் கலந்த திரவம் இது. பெரும்பாலான கார்களில் கிளைகோலும் நீரும் ஏறக்குறைய சரிபாதி அளவில் இருக்கும்.

வெறும் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில், திறந்த பாத்திரத்தில் உள்ள தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இயங்கும் என்ஜினின் இயல்பான வெப்பநிலையே 90 டிகிரிக்கு அருகில் என்பதால், வெறும் தண்ணீர் போதாது. சரிபாதிக் கலவை, ரேடியேட்டர் மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தத்தில், 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மைனஸ் 30 டிகிரிக்குக் கீழும் உறையாது. லடாக்கின் குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் ஊற்றிய கார்களின் என்ஜின் விரிசல் காண்பதற்கும் இதுவே காரணம். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது விரிவடைந்து, உலோகத்தையே பிளந்துவிடுகிறது.

இரண்டு விளக்குகள், இரண்டு பொருள்கள்:

எச்சரிக்கை விளக்குகளில் இரண்டு வகை உண்டு. அலைகளின் மேல் வெப்பமானி நிற்பது போன்ற சிவப்பு விளக்கு, என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதைக் குறிக்கிறது. திரவம் உள்ள தொட்டி போன்ற குறியீடு, கூலன்டின் அளவு குறைந்துள்ளதைக் குறிக்கிறது. பல கார்களில் அளவைக் கண்டறியும் சென்சார் கிடையாது. வெப்பநிலை விளக்கு மட்டுமே இருக்கும். குறியீடு காருக்குக் கார் மாறுபடுவதால், உரிமையாளர் கையேட்டை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இதில் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உள்ளது. வெப்பநிலையை அளக்கும் சென்சார், கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக வேலை செய்யும். கூலன்ட் பெருமளவு வெளியேறிவிட்டால், அந்த சென்சார் காற்றையோ நீராவியையோ அளந்து, உண்மையை விடக் குறைவான வெப்பநிலையைக் காட்டக்கூடும். எனவே, 'முள் நடுவில்தானே இருக்கிறது' என்ற நம்பிக்கையில் அளவு குறைந்ததைக் காட்டும் விளக்கைப் புறக்கணிப்பது ஆபத்தானது.

விளக்கு எரிந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஏ.சி.யை அணைக்க வேண்டும். ஹசார்டு விளக்குகளை எரியவிட்டு, பாதுகாப்பான இடத்தில் காரை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்க வேண்டும். சுரங்கப்பாதை, குறுகிய மலைவளைவு போன்ற உடனே நிறுத்த முடியாத இடமாக இருந்தால், ஹீட்டரை முழு அளவில் இயக்கி, சன்னல்களைத் திறந்து, மெதுவாகச் செல்லலாம். ஹீட்டர் என்பது காருக்குள் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டர் போன்றது. அது என்ஜின் வெப்பத்தில் ஒரு பகுதியை வெளியேற்றும். என்ஜின் கொதிக்கும் நிலையிலும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் சுற்றிவரவில்லை என்று பொருள். அதன்பின் காரை நகர்த்தாமல் இருப்பதே உத்தமம்.

விரைவுச்சாலைகளில் கார் நின்றுவிட்டால், பயணிகள் காருக்குள்ளோ அதன் பின்புறமோ இருக்காமல், சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தைப் போதிய தொலைவு பின்னால் வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

மூடியைத் திறக்கவே கூடாது:

சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியையோ, கூலன்ட் தொட்டியின் மூடியையோ திறப்பதே பலர் செய்யும் பெரும் தவறு. உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரிக்கு மேல் சூடாகியும் அழுத்தத்தால் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்தவுடன் அழுத்தம் விடுபட்டு, அது நொடிப்பொழுதில் நீராவியாகப் பீறிட்டு முகத்திலும் கைகளிலும் தெறிக்கும். எனவே, குறைந்தது அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருப்பது அவசியம். அதன் பின்னரும் தடித்த துணியால் மூடியைப் பற்றி, முகத்தை விலக்கி, மெதுவாகத் திருக வேண்டும். 'உஸ்' என்ற ஓசை வந்தால் நிறுத்திவிட்டு, மேலும் காத்திருக்க வேண்டும். என்ஜின் அணைந்த பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலலாம் என்பதால், அதன் அருகே கை வைக்கக் கூடாது.

சூடான என்ஜினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. திடீர் வெப்ப மாற்றத்தால் உலோகத்தில் விரிசல் ஏற்படலாம்.

எதை, எவ்வளவு நிரப்ப வேண்டும்?

சமதளத்தில், என்ஜின் ஆறிய நிலையில், தொட்டியில் உள்ள குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகளுக்கு இடையே கூலன்ட் இருக்க வேண்டும். கையேட்டில் குறிப்பிட்ட வகையையே பயன்படுத்த வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை மட்டும் நம்பக் கூடாது; நிறத்துக்குப் பொதுவான தரவிதி எதுவும் இல்லை. பொருந்தாத இரண்டு வகைகள் கலந்தால், துரு தடுக்கும் ஆற்றல் குறைந்து, கசடு படியலாம்.

'ரெடி மிக்ஸ்' வகையில் தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. அடர் வகையை நீர் கலக்காமல் ஊற்றக் கூடாது. தனிக் கிளைகோல் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். அவசரத்துக்குக் கூலன்ட் கிடைக்காவிட்டால், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அருகிலுள்ள பணிமனை வரை செல்லலாம். அதுவும் இல்லாத நிலையில் சுத்தமான குடிநீர் ஊற்றியிருந்தால், பின்னர் முழுவதையும் வடித்துவிட்டு, சரியான கலவையை நிரப்ப வேண்டும். இல்லையெனில் நீரிலுள்ள உப்புகள் ரேடியேட்டருக்குள் படிந்துவிடும்.

மீண்டும் ஓட்டலாமா?

அளவு சற்றே குறைந்து, வெப்பநிலை இயல்பாக இருந்தால், நிரப்பிவிட்டு முள்ளைக் கவனித்தபடி பணிமனைக்குச் செல்லலாம். தொட்டி காலியாக இருந்தாலோ, காரின் அடியில் திரவம் சொட்டினாலோ, நிரப்பியது மீண்டும் குறைந்தாலோ, இழுவை வாகனத்தை அழைப்பதே சரி.

கூலன்ட் அடைக்கப்பட்ட அமைப்பில் சுற்றுவதால், அது திடீரெனக் குறைய வாய்ப்பில்லை. குறைகிறது என்றால், ரப்பர் குழாய், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் அல்லது மூடியில் கசிவு இருக்கலாம். காருக்குள் இனிப்பான மணம் வீசி, முன்கண்ணாடி மங்கினால், ஹீட்டரில் கசிவு என்று கருதலாம். புகைக்குழாயில் தொடர்ந்து வெண்புகையும், என்ஜின் ஆயிலில் பால் போன்ற நிறமும் தென்பட்டால், 'ஹெட் கேஸ்கட்' பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. தொட்டியில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், சென்சாரைச் சோதிக்க வேண்டும்.

காப்பீடு கைகொடுக்குமா?

வழக்கமான விரிவான வாகனக் காப்பீட்டில், இயந்திரக் கோளாறுகளுக்கு இழப்பீடு கிடையாது. விளக்கு எரிந்த பின்னும் ஓட்டிச் சென்று என்ஜின் பழுதானால், அந்தச் செலவு பெரும்பாலும் உரிமையாளரின் தலையிலேயே விழும்.

மின்சார கார்களிலும் கவனம் தேவை:

பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் மின்சார கார்களிலும் கூலன்ட் உண்டு. சிலவற்றுக்கு மின்கடத்தும் தன்மை குறைந்த தனி வகை தேவைப்படும் என்பதால், உரிமையாளர்கள் தாமாக நிரப்பாமல் சேவை மையத்தை அணுக வேண்டும்.

எத்திலீன் கிளைகோல் இனிப்புச் சுவையுடையது. ஆனால், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. தரையில் சிந்திய கூலன்டை உடனே துடைத்து, மீதியைக் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து தொட்டியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டால், நடுவழியில் தவிக்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.