ஆறும் இரயிலும் காட்டிய சைக்கிள் பாதை

விடுமுறை நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு பூங்காவைச் சுற்றி வருவது இனிய பொழுதுபோக்கு. அந்தப் பூங்காவிலிருந்து அடுத்த பூங்காவுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று நகரம் முழுவதும் மர நிழலிலேயே போய்வர முடிந்தால் எப்படி இருக்கும்? சிங்கப்பூரில் அப்படிப் போகலாம். 300 கி.மீ.க்கும் அதிக நீளமுள்ள ‘பூங்கா இணைப்புப் பாதைகள்’ அந்தத் தீவின் பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கின்றன. நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

சுமார் 730 சதுர கி.மீ. பரப்பே உடைய, கட்டடங்கள் நெருங்கிய நாடு அது. அங்கே இவ்வளவு நீளப் பாதைக்கு இடம் எங்கிருந்து வந்தது? அந்தப் பாதைகளில் சைக்கிள் மிதிப்பது ஏன் எளிதாக இருக்கிறது? முதற் கேள்விக்கு விடை நிலப்படத்தில் உள்ளது. இரண்டாவதற்கு விடை உங்கள் பௌதிகப் பாடத்தில் உள்ளது. இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

சைக்கிளைத் தடுப்பவை எவை?

ஒரு மாணவியும் அவளுடைய சைக்கிளும் சேர்ந்து 60 கிலோகிராம் என்று கொள்வோம். அவள் சமதளமான நல்ல பாதையில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்குச் சுமார் 4.2 மீட்டர் வேகத்தில் செல்கிறாள். காற்று வீசவில்லை. அவளைத் தடுக்கும் விசைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் தரையில் அழுந்தி உருள்வதால் வரும் உருளும் உராய்வு. இது சுமார் 4 நியூட்டன். மற்றொன்று காற்றின் தடை. இது சுமார் 5 நியூட்டன். மொத்தம் 9 நியூட்டன். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்: 9 × 4.2 = சுமார் 38 வாட். ஒரு சிறு மின்விளக்கின் அளவுதான்!

இப்போது பாதை ஏறுமுகமாகிறது. 100 மீட்டர் தூரத்தில் 4 மீட்டர் உயர்கிறது என்க. அந்த ஏற்றம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் எடையில் நூற்றில் நான்கு பங்கு, அதாவது 60 × 9.8 × 0.04 = சுமார் 24 நியூட்டன் விசை பின்னுக்கு இழுக்கும். மொத்தத் தடை 33 நியூட்டனாகிவிடும். அதே வேகத்தில் செல்ல ஏறத்தாழ 140 வாட் வேண்டும். முன்னதைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல்! ஆகவே, பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டும் பாதைக்கு முதல் தேவை மென்மையான சரிவு என்பது விளங்குகிறது.

நீர் காட்டிய வழி

மென்மையான சரிவை நகரத்துக்குள் எங்கே தேடுவது? நீர் அதை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஆறு மேட்டில் ஏறாது. தாழ்ந்த இடங்களைத் தொடர்ந்து மெல்ல இறங்கிக்கொண்டே கடலை அடையும். மழைநீர்க் கால்வாய்களும் அவ்வாறே அமைக்கப்படுகின்றன. அவற்றைத் தூர்வாரவும் பழுதுபார்க்கவும் கரையோரம் ஒரு பட்டை நிலத்தைக் கட்டடம் கட்டாமல் விட்டுவைப்பது வழக்கம். சிங்கப்பூரில் 1990-களின் தொடக்கத்திலிருந்து பூங்கா இணைப்புப் பாதைகள் பல இத்தகைய கால்வாய்க்கரை நிலத்திலும், சாலையோர ஒதுக்கு நிலத்திலும் போடப்பட்டன. சும்மா கிடந்த நிலம் இரண்டாவது வேலையைப் பெற்றது.

சுமார் 10 கி.மீ. நீளமுள்ள காலாங் ஆறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கரையில் உள்ள பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஓரத்தில் அந்த ஆறு ஒரு காலத்தில் 2.7 கி.மீ. நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அந்தக் கான்கிரீட்டை உடைத்து, சுமார் 3 கி.மீ. நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக அதை மாற்றி, 2012-இல் பூங்காவைப் புதுப்பித்துத் திறந்தனர். பெருமழை பெய்தால் ஆறு அகன்று பூங்காவின் தாழ்ந்த புல்வெளியில் பரவும்; மழை விட்டதும் மீண்டும் ஒடுங்கும். நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கச் சங்கொலியும் விளக்குகளும் உண்டு.

கரையோரப் பாதைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. குறுக்குச் சாலைகள் அங்கே குறைவு. நம் மாணவி 15 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அவளிடமும் சைக்கிளிடமும் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 520 ஜூல். பிரேக் பிடித்தால் அது முழுவதும் வெப்பமாக வீணாகிறது. மீண்டும் அதே வேகத்தைப் பெற அந்த 520 ஜூலை அவள் கால்களே தரவேண்டும். 520-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு தடவை நின்று கிளம்புவது ஏறத்தாழ 58 மீட்டர் கூடுதலாக மிதிப்பதற்குச் சமம்!

இரயில் காட்டிய வழி

நீரைப் போலவே ஏற்றத்தை வெறுக்கும் இன்னொன்று இரயில். எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் எடையை நகர்த்த 20 நியூட்டன் அளவு விசை போதும். ஆனால் நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மேலும் 98 நியூட்டன் வேண்டும். ஆகவே, பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாதையைச் சீராக்கினர்.

சிங்கப்பூரின் தென்பகுதியிலுள்ள தஞ்சோங் பகார் நிலையம் 1932-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து மலாயாவுக்குச் சென்ற இரயில் பாதை தீவின் நடுவே, அதன் மிக உயர்ந்த இடமான 163 மீட்டர் புக்கிட் தீமா குன்றின் அருகாகச் சென்றது. மலாயாவின் இரயில் பாதைகளை அமைத்ததில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி இரயில் புறப்பட்டது. மறுநாள் அந்த நிலம் சிங்கப்பூரிடம் வந்தது.

24 கி.மீ. நீளமுள்ள அந்த நிலத்தைத் துண்டு துண்டாக்கிக் கட்டடங்களுக்குத் தந்திருக்கலாம். ஆனால் 2010-இலேயே சிங்கப்பூர் இயற்கைக் கழகம் முழுப் பாதையையும் பசுமைப் பாதையாகக் காக்கவேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்திருந்தது. பாதை தொடர்ச்சியாக இருப்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. நடுவில் ஓரிடம் அறுந்தாலும் சைக்கிளுக்கும் பயனில்லை, மரம் விட்டு மரம் செல்லும் பறவைக்கும் அணிலுக்கும் பயனில்லை. பாதை காக்கப்பட்டது. பழைய இரும்புப் பாலங்களின்மீது இன்று மக்கள் நடக்கிறார்கள், சைக்கிளில் செல்கிறார்கள்.

நிழலின் மதிப்பு எத்தனை வாட்?

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. அங்கே மரங்கள் அழகுக்காக மட்டும் நிற்கவில்லை. நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகிறது. 38 வாட் வேலைக்குச் சுமார் 115 வாட் வெப்பம் உடலில் தோன்றும். நண்பகல் வெயிலோ சதுர மீட்டருக்கு 1000 வாட் அளவில் விழுகிறது. மேலிருந்து பார்த்தால் நம் மாணவியின் பரப்புக் கால் சதுர மீட்டர் என்றும், விழும் வெயிலில் பாதியை அவள் உடல் ஏற்கிறது என்றும் கொண்டால், 125 வாட் வெப்பம் கூடுகிறது. மிதிப்பதால் வரும் வெப்பத்தைவிட வெயிலின் வெப்பமே அதிகம்!

ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வேண்டும். ஆனால் ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் உலராது. ஓடும் சைக்கிளில் முகத்தில் படும் காற்று இதற்கு உதவுகிறது. தூங்குமூஞ்சி மரம் போன்ற குடை விரிந்த மரங்கள் வெயிலைத் தடுப்பதுடன், இலைகளின் வழியே நீரை ஆவியாக்கிச் சூழலையும் குளிர்விக்கின்றன.

பகிர்ந்துகொள்ளும் பாதை

இப்பாதைகளில் முதியவர்களும் குழந்தைகளும் நடக்கிறார்கள். ஆகவே சைக்கிளுக்கு மணிக்கு 25 கி.மீ. என்ற வேக வரம்பு உள்ளது. இதன் காரணத்தையும் கணக்கிடலாம். குழந்தை குறுக்கே வருவதைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகிறது என்க. நல்ல பிரேக், வேகத்தை விநாடிக்கு விநாடி 4 மீட்டர் வீதம் குறைக்கும். 15 கி.மீ. வேகத்தில் நிற்பதற்கு 6.4 மீட்டர் தேவை. 25 கி.மீ. வேகத்திலோ 13 மீட்டர் ஆகும். தரை நனைந்து பிரேக்கின் பிடிப்புப் பாதியானால் 19 மீட்டர் ஆகிவிடும். நெரிசலான இடத்தில் வரம்புக்கு உட்பட்ட வேகமும் அதிகமே என்பதை இக்கணக்குச் சொல்கிறது. வளைவு எதிரே தெரியாத இடத்திலும் மணியடித்து மெல்லச் செல்வதே முறை.

நீங்களே செய்து பாருங்கள்

ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில், சிறிய சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் உச்சியிலிருந்து மிதிக்காமல் உருண்டு வாருங்கள். கையைப் பிரேக்கின்மீது வைத்திருங்கள். சைக்கிள் தானாக நிற்கும் இடம்வரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். மொத்த நிறை 60 கிலோகிராம், சரிவின் உயரம் அரை மீட்டர் என்றால் நிலை ஆற்றல் 60 × 9.8 × 0.5 = 294 ஜூல். சைக்கிள் 60 மீட்டர் சென்று நின்றால் சராசரித் தடை விசை 294 ÷ 60 = 4.9 நியூட்டன். பிறகு டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துச் செய்து பாருங்கள். அடுத்து, புல்தரையில் செய்து பாருங்கள். மூன்று விடைகளையும் அட்டவணையாக எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு உங்கள் ஊர் நிலப்படத்தை விரித்து, ஆறும் வாய்க்காலும் செல்லும் வழியை ஒரு பென்சிலால் தொடர்ந்து பாருங்கள். அங்கே சைக்கிள் செல்ல ஒரு பட்டை நிலம் இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவாருங்கள்.